லாசிட்டரின் தங்க ரீஃப்: பாலைவனக் கதையில் உண்மை எவ்வளவு?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், மணல்மேடுகளுக்கு நடுவே, மைல் கணக்கில் நீண்டு கிடக்கும் ஒரு தங்கப் பாறை. பார்த்ததாகச் சொன்னவர் ஒருவர். அவர் 1931இல் அதே பாலைவனத்தில் இறந்துபோனார். அவருக்குப் பின் போன யாருக்கும் அது கிடைக்கவில்லை. இதுதான் ‘லாசிட்டர் ரீஃப்’ கதையின் சாரம். தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம் இது மறுபடி உலா வரும். ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று ஒருவர் சொல்வார், செயற்கைக்கோள் படத்தில் ஒரு கோடு காட்டப்படும், பிறகு பேச்சு அடங்கிவிடும்.

இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை என்பதையே பலரும் கதை பொய் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அது மிகப் பலவீனமான வாதம். பாலைவனம் பெரியது, மணல் நகரும், பாறை புதைந்து போகலாம். தேடலின் முடிவை ஒதுக்கிவிட்டு, கதையை மட்டும் எடுத்துச் சோதித்தாலே போதுமான விடை கிடைக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

*ரீஃப்.* கடலோரப் பவளத் திட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுரங்கத் தொழிலில் ரீஃப் என்றால் பாறைப் பிளவுக்குள் சுடுநீர்க் கரைசல் புகுந்து, குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல்லாக உறைந்த நரம்பு. சில நரம்புகளில் தங்கமும் சேர்ந்து உறைந்திருக்கும். கோலார் தங்கவயலைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கங்களில் ஒன்றின் பெயரே சாம்பியன் ரீஃப்.

*தரம்.* ஒரு டன் பாறையில் எவ்வளவு தங்கம் என்பது. பழைய கணக்கில் அவுன்ஸ், இன்று கிராம். டன்னுக்கு 3 அவுன்ஸ் என்றால் சுமார் 92 கிராம். இன்று உலகில் பல திறந்தவெளிச் சுரங்கங்கள் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராமிலேயே லாபம் பார்க்கின்றன.

*குவார்ட்சைட்.* பெயர் குவார்ட்ஸ் போல ஒலித்தாலும் பிறப்பு வேறு. மணற்கல் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி உருவாவது இது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெளுப்பாக மின்னும். தங்கம் தேடுபவருக்கு இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சொல்லப்பட்ட கதை

ஹரால்ட் பெல் லாசிட்டர் 1880இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். 1929 அக்டோபர் 14 அன்று, கல்கூர்லி தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்பர்ட் கிரீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மத்திய ஆஸ்திரேலியாவில் பிரமாண்டமான தங்க ரீஃப் ஒன்றைத் தனக்கு 18 ஆண்டுகளாகத் தெரியும் என்றார். அந்தக் கணக்குப்படி கண்டுபிடித்தது 1911 வாக்கில். கடிதத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1930இல் சிட்னியில் ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் பெய்லியைச் சந்தித்தார். இப்போது கதை மாறியிருந்தது. தங்கத்தைக் கண்டது 1897இல், தனக்கு 17 வயதாக இருந்தபோது என்றார். தனியாக மேற்கு நோக்கிப் போன வழியில் ரீஃபைப் பார்த்தாராம். பிறகு தண்ணீரின்றிச் சாகக் கிடந்தபோது ஓர் ஆப்கன் ஒட்டகக்காரர் காப்பாற்றி, ஹார்டிங் என்ற சர்வேயரின் முகாமில் சேர்த்தாராம். மூன்று ஆண்டு கழித்து ஹார்டிங்குடன் திரும்பிப் போய் ரீஃபை மறுபடி கண்டு, அதன் இருப்பிடத்தைக் கருவிகளால் குறித்துக்கொண்டார்களாம். பின்னர் பார்த்தால் கடிகாரங்கள் ஒன்றேகால் மணி நேரம் பிந்தி ஓடியிருந்தன, அதனால் குறிப்பு பயனற்றுப் போயிற்று என்பது கதை.

ரீஃபின் நீளமும் நிலையாக இல்லை. சில வடிவங்களில் 7 மைல், சிலவற்றில் 14 மைல். தரம் டன்னுக்கு 3 அவுன்ஸ்.

காலம் ஏன் கைகொடுத்தது

கிரீனுக்குக் கடிதம் போன பத்தே நாளில் நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கியது. 1930இல் ஆஸ்திரேலியாவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 1890களின் மந்தத்தில் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல்களான கூல்கார்டியும் (1892) கல்கூர்லியும் (1893) நாட்டைத் தூக்கி நிறுத்தியது பலருக்கும் நினைவிருந்தது. மீண்டும் ஒரு கல்கூர்லி வராதா என்ற ஏக்கத்துக்கு லாசிட்டர் முகவரி கொடுத்தார். ஒரு தொழிற்சங்கத் தலைவர் தங்கக் கம்பெனியின் தலைவரானதைச் சாதாரண நாளில் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அப்படித்தான் மத்திய ஆஸ்திரேலியத் தங்க ஆய்வுக் கம்பெனி உருவானது.

பிரெட் பிளேக்லி தலைமையில் குழு 1930 ஜூலை 21 அன்று, கண்டத்தின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து புறப்பட்டது. தார்னிகிராஃப்ட் லாரி, ரேடியோ கருவி, ‘கோல்டன் குவெஸ்ட்’ என்று பெயர் சூட்டிய சிறு விமானம் என்று அந்தக் காலத்துக்கு ஆடம்பரமான ஏற்பாடு. இல்பில்லா என்ற இடத்தைத் தளமாக வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து மேற்கே, அன்று மவுண்ட் மார்ஜரி என்றும் இன்று மவுண்ட் லெய்ஸ்லர் என்றும் அழைக்கப்படும் குன்றில் ஏறிப் பார்த்த லாசிட்டர், நாம் 150 மைல் வடக்கே தள்ளி வந்துவிட்டோம் என்றார். 240 கிலோமீட்டர்! பிளேக்லி அப்போதே நம்பிக்கை இழந்துவிட்டார். இந்த ‘வடக்கே’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழு பிரிந்தது. ஒட்டகங்களோடு திரிந்த பால் ஜான்ஸ் என்ற இளைஞருடன் லாசிட்டர் தெற்கே போனார். ஒருநாள் தனியாகப் போய்விட்டுத் திரும்பியவர், ரீஃபைப் பார்த்துவிட்டேன் என்றார். இடத்தைச் சொல்ல மறுத்தார். இருவருக்கும் சண்டை மூண்டது. ஜான்ஸ் திரும்பினார், லாசிட்டர் இரண்டு ஒட்டகங்களோடு தனியே போனார். ஒட்டகங்கள் மிரண்டு ஓடிவிட்டன. அப்பகுதிப் பழங்குடி மக்களோடு சில வாரங்கள் இருந்தார். ஒரு குகையில் தங்கினார். 1931 ஜனவரி இறுதியில் பீட்டர்மன் மலைத்தொடர் அருகே இறந்தார். மார்ச் மாதம் பாப் பக் என்ற அனுபவசாலி அவரது உடலைக் கண்டு அடக்கம் செய்தார். நாட்குறிப்பும் கிடைத்தது. அதில், ரீஃபை அளந்து முளை அடித்துவிட்டதாகவும், இடம் குறித்த வரைபடத்தைப் புதைத்து வைத்திருப்பதாகவும் மனைவிக்கு எழுதியிருந்தார். அந்த வரைபடம் இன்றுவரை வெளிவரவில்லை.

கதையைச் சோதித்தல்

1. *எப்போது கண்டார்?* 1911ஆ, 1897ஆ? மறதி என்று ஒதுக்க முடியாத வித்தியாசம் இது. 17 வயதுப் பையனாகச் சாவைத் தொட்டுத் திரும்பியதையும் 31 வயதில் போனதையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இரு கதைகளுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை, சொன்னவரும் ஒருவரே.

2. *ஏன் போனார்?* கதையின் ஒரு வடிவத்தில் அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே உள்ள மெக்டொனல் மலைத்தொடரில் மாணிக்கம் தேடிப் போனதாக வருகிறது. அங்கே மாணிக்க மோகம் கிளம்பியது உண்மை: 1886இல் ஆய்வுப் பயணி டேவிட் லிண்ட்சே சிவப்புக் கற்களைக் கண்டதும் கம்பெனிகள் முளைத்தன. 1888க்குள் அவை மாணிக்கம் இல்லை, வெறும் கார்னெட் என்ற மலிவான சிவப்புக் கல் என்று தெரிந்து எல்லாம் சரிந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, ஊரறிந்த ஏமாற்றத்தை நோக்கி ஒரு பையன் கண்டத்தின் நடுப்பகுதிவரை போனான் என்று நம்ப வேண்டியிருக்கிறது.

3. *போக முடியுமா?* 1873இல் ஆய்வுப் பயணி வார்பர்ட்டன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 17 ஒட்டகங்களோடு மேற்கே கிளம்பினார். மேற்குப் பக்கம் போய்ச் சேரும்போது மிஞ்சியவை இரண்டு. வழியில் பலவற்றை அடித்துத் தின்றுதான் குழு உயிர் தப்பியது. 1874இல் இன்னொரு ஆய்வுப் பயணி எர்னஸ்ட் கைல்ஸின் குழுவிலிருந்த கிப்சன் காணாமல் போனார். அந்தப் பாலைவனத்துக்கே அவர் பெயர். லாசிட்டர் குறிப்பிடும் ஆண்டை ஒட்டியே, 1896இல் கால்வர்ட் ஆய்வுக் குழு முழு ஏற்பாட்டோடு மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் போனது. பிரிந்து சென்ற இருவர் தாகத்தால் இறந்தார்கள், அவர்களின் உடல்கள் 1897 மே மாதம்தான் கிடைத்தன. அதே ஆண்டில் ஒரு 17 வயதுப் பையன் தனியாக அந்தப் பக்கம் நெடுந்தூரம் போய்ச் சேர்ந்தான் என்றால், நடக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். சொன்னவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஏதாவது வேண்டும் என்றுதான் சொல்வேன்.

4. *சாட்சி யார்?* ஒட்டகக்காரர் பெயரில்லாதவர். ஆப்கன் ஒட்டகக்காரர்கள் அந்தக் காலத்தில் கூல்கார்டி வழியெங்கும் சரக்கு ஏற்றிப் போனவர்கள்தான், ஆகவே அந்தப் பாத்திரம் காலத்துக்குப் பொருந்துகிறது. பொருந்துவது சான்றாகிவிடாது, மேற்கு ஆஸ்திரேலிய எல்லையோரத்து மணல்வெளியில் அவர்களுக்கு வணிகப் பாதை கிடையாது. ஹார்டிங்கோ சர்வேயர். சர்வேயர் என்றால் களப்புத்தகம் வைத்திருப்பார். அப்படி ஒன்றை யாரும் காட்டியதில்லை.

5. *சொல்பவர் எப்படிப்பட்டவர்?* சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவு வடிவம் தன் யோசனை என்றும் லாசிட்டர் உரிமை கோரியிருக்கிறார். இதை வைத்து ரீஃபும் பொய் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. அவர் வார்த்தை ஒன்றை மட்டுமே நம்பி நிற்கும் கதைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று பார்க்கும்போது கணக்கில் வரும்.

கடிகாரக் கணக்கு

கதையின் மிக நம்பத்தகுந்த பகுதியாகப் பலருக்கும் தோன்றுவது கடிகாரப் பிழைதான். இடம் ஏன் தொலைந்தது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்வதுபோல் இருக்கிறது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் சிக்கல் புரியும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு 1 பாகை. ஓரிடத்தின் தீர்க்கரேகையை அறிய, அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையும், தெரிந்த ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தையும் ஒப்பிடுவார்கள். கடிகாரம் பிந்தினால் கணக்கும் தவறும். ஒன்றேகால் மணி என்பது 75 நிமிடம். 75ஐ 4ஆல் வகுத்தால் 18.75 பாகை. தெற்கு 25ஆம் அட்சரேகையருகே ஒரு பாகை சுமார் 101 கிலோமீட்டர். ஆக, பிழை சுமார் 1,890 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் டெல்லியைத் தாண்டிவிடும் தூரம்.

ரீஃப் மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லையில், கிழக்கு 129 பாகையில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பிந்திய கடிகாரத்தை நம்பிக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 148 பாகைக்கு, அதாவது குயின்ஸ்லாந்தின் நடுவுக்குப் போய்விடும். முந்தியிருந்தால் இந்தியப் பெருங்கடலில் விழும். கணக்கை முடித்த அன்றைக்கே எந்தச் சர்வேயரும் தலையில் கை வைத்திருப்பார். ‘பின்னர்தான் தெரிந்தது’ என்பது எடுபடாது.

இன்னும் இரண்டு ஓட்டைகள். பிழையின் அளவு ஒன்றேகால் மணி என்று தெரிந்துவிட்டால் அதைக் கழித்துச் சரியான இடத்தைப் பெறலாமே? கடிகாரம் எப்போது பிந்தத் தொடங்கியது என்று தெரியாததால் கழிக்க முடியவில்லை என்று ஒருவர் வாதாடலாம்; சரி, விட்டுக்கொடுப்போம். ஆனால் அட்சரேகைக்குக் கடிகாரமே வேண்டாம். உச்சிப்பொழுதில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். எந்தக் கடிகாரம் கெட்டாலும் ஹார்டிங்குக்கு வடக்கு-தெற்கு நிலை துல்லியமாகத் தெரிந்திருக்கும். தெரியாதது கிழக்கு-மேற்கு மட்டுமே.

மவுண்ட் மார்ஜரியில் லாசிட்டர் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். 150 மைல் *வடக்கே* வந்துவிட்டோம். கடிகாரப் பிழையால் ஒருபோதும் பாதிக்கப்படாத திசையில்தான் அவருடைய குழப்பம் இருந்தது. இந்த ஒரு முரண்பாடே என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது.

பாறை என்ன சொல்கிறது

ஒரு சிறு கணக்கு. ரீஃப் 7 மைல், அதாவது 11.3 கிலோமீட்டர் நீளம். அகலம் 3 மீட்டர் என்றும், வெறும் 30 மீட்டர் ஆழம்வரை தரம் மாறாமல் போகிறது என்றும் நானாக வைத்துக்கொள்கிறேன். சுமார் 27 லட்சம் டன் பாறை. டன்னுக்கு 92 கிராம். மொத்தம் ஏறக்குறைய 250 டன் தங்கம். கோலாரில் 120 ஆண்டுகளாக, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டி, 2001இல் மூடும்வரை எடுத்த தங்கம் 800 டன் சொச்சம். லாசிட்டரின் ரீஃப் கிணறு ஆழத்துக்குள்ளேயே அதில் கால் பங்கைத் தாண்டும்.

தங்க நரம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரே ரீஃபில் ஒரு பகுதி செழித்திருக்கும், அடுத்த நூறு மீட்டர் வெறும் வெள்ளைக்கல்லாக இருக்கும். சாம்பியன் ரீஃபும் இதற்கு விலக்கல்ல. மேலும் இவ்வளவு செழிப்பான நரம்பு அரித்தால் அதன் துகள்கள் ஓடைகளிலும் சரளைகளிலும் பல கிலோமீட்டர் பரவியிருக்கும். தங்கம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மூலப் பாறை மணலில் புதைந்தாலும் துகள்களின் தடம் எங்காவது தலைகாட்டும்.

பீட்டர்மன் பகுதியில் நீளமான வெண்மையான பாறை முகடுகள் நிஜமாகவே உண்டு. நிலவியலாளர்கள் அதை டீன் குவார்ட்சைட் என்கிறார்கள். 1960களில் அரசு நிலவியலாளர்கள் இப்பகுதியை முறையாக வரைபடமாக்கியபோது இவையெல்லாம் பதிவாகின. பழைய கடற்கரை மணல் இறுகிய பாறை அது. தங்க நரம்பு அல்ல. தாகத்தில் தள்ளாடும் ஒருவர் மாலை வெயிலில் இரும்புக் கறை படிந்த அந்த முகட்டைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார் என்பது ஊகத்துக்குரியது. லாசிட்டர் எதையோ பார்த்திருக்கலாம் என்பதற்கு அதிகபட்சம் இவ்வளவு இடம் கொடுக்கலாம்.

‘பொய்யென்றால் ஏன் உயிரை விட்டார்?’

நம்புபவர்களின் வலுவான கேள்வி இதுதான். மோசடிக்காரன் கம்பெனிக் காசை வாங்கிக்கொண்டு நழுவியிருப்பான். இவர் கடைசிவரை தேடிச் செத்தார்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, மனமார நம்புவதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு. ஒரு கதையை முப்பது ஆண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், எங்கே கேட்டது, எங்கே படித்தது, எங்கே பார்த்தது என்ற கோடுகளை இழந்துவிடுவதுண்டு. இரண்டு, அவர் தியாகமாக உயிரைக் கொடுக்கவில்லை. ஒட்டகங்கள் ஓடிப்போனதால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். கடைசியில் அவர் நடக்க முயன்றது ரீஃபை நோக்கியல்ல, உதவி வரக்கூடிய திசையில், கிழக்கே. வெறுங்கையோடு சிட்னிக்குத் திரும்பும் அவமானத்துக்கும் பாலைவனத்துக்கும் நடுவே அவர் ஒருசில வாரங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் என் வாசிப்பு.

எதிர்ப்பக்கத்திலும் மிகை உண்டு. கிடைத்த உடல் லாசிட்டருடையதே அல்ல, அவர் தப்பிப் போய்விட்டார் என்று பிளேக்லி சந்தேகித்தார். நாட்குறிப்பின் தவிப்பைப் படித்தவர்களுக்கு அதை ஏற்பது கடினம். 1958இல் எச்சங்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கல்லறைக்கு மாற்றப்பட்டன.

பாலைவனத்தில் தங்கமே இல்லையா?

இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கிழக்கே ஆர்ல்டுங்காவில் 1887இலேயே எடுத்தார்கள். வடமேற்கில் தனாமி பாலைவனத்தில் பெரிய சுரங்கம் இயங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேட் சாண்டி பாலைவன ஓரத்தில் டெல்ஃபர் 1970களில் தொடங்கியது. ‘அந்த மண்ணில் தங்கம் கிடையாது’ என்று சொல்பவர்கள் சரியான முடிவுக்குத் தவறான காரணம் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டியது பிந்தைய இரண்டு சுரங்கங்கள் வந்த விதம்: மாதிரி எடுப்பு, துளையிடல், டன்னுக்குச் சில கிராம், ராட்சத இயந்திரங்கள். மேலே கிடந்து மின்னும் பதினொரு கிலோமீட்டர் பாறை எதுவும் அவற்றில் இல்லை.

கதை விட்டுச்சென்றவை

கம்பெனியின் முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். தேடப்போன விமானிகள் இருவர் பாலைவனத்தில் தரையிறங்கி மாட்டிக்கொள்ள, அவர்களைத் தேட விமானப்படை போக வேண்டியதாயிற்று. 1931லேயே லாசிட்டரின் கடைசிப் பயணம் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்து பரபரப்பாக விற்றது. இன்று புழங்கும் கதையின் வடிவம் பெரும்பாலும் அதன் கைவண்ணம். உலுருவுக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு லாசிட்டர் பெயர். அவர் தங்கிய குகை, கட்டா ஜூட்டாவிலிருந்து டாக்கர் ரிவர் என்ற ஊருக்குப் போகும் வழியில் சுற்றுலா நிறுத்தமாகிவிட்டது.

அதிகம் பேசப்படாத தரப்பு, அந்த நிலத்தின் பழங்குடியினரான அனங்கு மக்கள். பட்டினியில் கிடந்த லாசிட்டருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். அந்த நிலத்தைத் தலைமுறைகளாகக் காலால் அறிந்தவர்களும் அவர்களே. பீட்டர்மன் பகுதி 1920லேயே பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, இன்று அவர்களுடைய அறக்கட்டளை நிலம். அனுமதியின்றி உள்ளே போய்த் தேட முடியாது. ‘யாரும் காணாத பாறை’ என்று கதை சொல்லும்போது அந்த ‘யாரும்’ என்ற சொல்லில் இவர்கள் சேர்க்கப்படுவதே இல்லை.

எது கிடைத்தால் தீர்ப்பு மாறும்

அடுத்த முறை ‘கண்டுபிடிப்பு’ செய்தி வரும்போது படத்தையும் கோட்டையும் விட்டுவிட்டு இவற்றைத் தேடலாம்:

1. 1929க்கு முந்தைய தேதியிட்ட மாதிரிச் சோதனைச் சான்று, லாசிட்டர் அல்லது ஹார்டிங் பெயரில்.

2. ஹார்டிங்கின் களப்புத்தகம். அட்சரேகை மட்டும் இருந்தாலும் போதும்.

3. நாட்குறிப்பு சொல்லும் புதைத்த வரைபடம், அல்லது ரீஃபில் அடித்த முளை.

4. பாறையே கிடைத்தால், துளையிட்டு எடுத்த மாதிரியின் தரம், ஒரே இடத்தில் அல்லாமல் நீளவாக்கில் பல இடங்களில்.

நான்காவது மட்டும் கிடைத்து முதல் மூன்றும் கிடைக்காவிட்டால், புதிய தங்கச் சுரங்கம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று பொருள். லாசிட்டர் அதைப் பார்த்தாரா என்ற கேள்வி அப்போதும் திறந்தே இருக்கும்.